பெருசுக்கு ஒரு சிறுசு

பலாப்பழத்தின் பால் விரலில் ஒட்டிக்கொண்டால் தண்ணீருக்கும் மசியாது, சீயக்காய்க்கும் மசியாது. எண்ணெய் ஒன்றுக்குத்தான் இளகும். அதனால் பழக் காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் எதைத் தொட்டாலும் எண்ணெய்ப் பிசுக்காகத்தான் இருக்கும். கதவுத் தாழ்ப்பாளிலும் தண்ணீர்ச் சொம்பிலும் அம்மாவின் முந்தானையிலும் அந்தப் பிசுக்கும் அதோடு சேர்ந்த பழவாசனையும் ஏறி, ஆடி மாதம் முடிந்து முதல் மழை வருகிறவரை போகாது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் என் கையை இழுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "உங்க ஊட்ல இன்னிக்கு எத்தினி பழம் வெட்டுனாங்க?" என்று கேட்பார்கள். நான் பெருமையாக எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிய காலம். பட்டணத்திலிருந்து மேற்கே போகிற பஸ் பூந்தமல்லி வந்து சேர்வதற்குள் அடுப்பு மங்கிவிடும். ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரத்தடியில் வண்டியை நிறுத்தி, அடுப்பைக் கிளறி, புதிதாகக் கரி கொட்டிக் காற்றூதிக்கொண்டிருப்பார்கள். பிரயாணிகள் இறங்கிக் காலை நீட்டுவார்கள். அந்த மரத்தடியில்தான் எங்கள் கடை. கடையென்றால் நான்கு சாக்கு, ஓர் எண்ணெய்க் கிண்ணம், ஒரு கட்டு வாழையிலை, இரண்டு கத்திகள், அவற்றைப் பிடிக்கிற இரண்டு பேர், அவ்வளவுதான்.

இரண்டு பேரில் ஒருவர் என் தகப்பனார் கன்னியப்பன். நாங்கள் "நைனா" என்று கூப்பிடுவோம். இன்னொருவர் அவருடைய தம்பி ஏழுமலை, என் சித்தப்பா. கத்திகள் தாத்தா காலத்தவை. கை நீளத்துக்கு இருந்த பெரிய கத்திக்கு வீட்டில் "பெருசு" என்று பெயர். விரல் நீளமே இருந்த சின்னது "சிறுசு". பெருசு எப்போதும் நைனாவின் கையில், சிறுசு எப்போதும் சித்தப்பாவின் கையில். நைனா பழத்தைச் சாக்கின் மேல் கிடத்தி, கத்திக்கு எண்ணெய் தடவி, ஒரே வீச்சில் நடுத்தண்டு வரை இறக்கி, பிடியை இரண்டு கையாலும் பற்றி ஒரு திருகு திருகுவார். பழம் இரண்டாகப் பிளந்து மல்லாந்து விழும். ஒரு சுளைகூட வெட்டுப்படாது. சித்தப்பா ஒரு பாதியை மடியருகே இழுத்து, தண்டைச் சீவி எறிந்துவிட்டு, சக்கைக்குள் சிறுசை விட்டு எடுப்பார். சுளைகள் கிழிசல் இல்லாமல் பொன்னாக இலையில் வந்து விழும். அடுப்பு மறுபடி எரிந்து பஸ் கிளம்புவதற்குள் இருபது பேருக்கு இலை போய்விடும்.

சண்டை ஒரு பழத்தால் வந்தது. காட்டுப்பாக்கத்துப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் வீட்டு விசேஷத்துக்கென்று மூன்று முழுப் பழம் வாங்கிப் போனார். பழத்தைத் தட்டிப் பார்த்து, சத்தத்தைக் கேட்டு, பழுத்ததா இல்லையா என்று சொல்வது நைனாவின் வேலை. மறுநாள் அந்த மனிதர் வண்டியில் வந்து இறங்கி, பிளந்த பழம் ஒன்றைச் சாக்கின் மேல் போட்டார். உள்ளே வெள்ளை வெளேரென்று காயாக இருந்தது. பஸ் நின்றிருந்த நேரம், சுற்றிலும் கூட்டம். நைனா தலை குனிந்து நின்றார். அந்த நேரத்தில்தானா சித்தப்பா வாயைத் திறக்க வேண்டும்?

"நான் அப்பவே சொன்னேனே அண்ணே, காம்புப் பக்கம் முள்ளு விரியலன்னு."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் எல்லோர் காதிலும் விழுந்தது. நைனாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"சுளை நோண்டறவனுக்கு இன்னாடா பேச்சு? பெருசைத் தூக்கிப் பாத்துட்டு அப்பாலிக்கா வந்து பேசு."

சித்தப்பா சிறுசை எண்ணெய்த் துணியில் துடைத்து, இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் காலையில் சாலைக்கு எதிர்ப்புறம், ஒரு வேப்பமரத்தடியில், தனியாகச் சாக்கு விரித்திருந்தார்.

அப்புறம் நடந்ததைக் கண்டு ஊர் சிரித்தது. சித்தப்பாவிடம் பழத்தைப் பிளக்கக் கத்தியில்லை. சிறுசை வைத்துக்கொண்டு மரம் அறுப்பதுபோல் அறுத்துக்கொண்டிருப்பார். பாதி அறுப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும். நைனாவோ ஒரு நொடியில் பழத்தைப் பிளந்துவிட்டு, பெருசின் நுனியாலேயே சுளையைத் தோண்டுவார்; சுளை இரண்டாகவும் மூன்றாகவும் கிழிந்து, கொட்டையும் வெட்டுப்பட்டு வரும். ஒரு பிரயாணி இலையைப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா இது, சுளையா சட்னியா?" என்று கேட்டு எதிர்ப்புறம் போனார்; அங்கே பழம் இன்னும் பிளக்கவில்லை என்று கண்டு வெறுங்கையோடு பஸ் ஏறினார். நான் சாலையின் இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே போகக்கூடாது என்று நைனாவின் உத்தரவு. பிறந்ததிலிருந்து முதல் சுளையை என் வாயில் போட்ட சித்தப்பா நாற்பதடி தூரத்தில் இருந்தார், நான் போகக்கூடாது.

வீட்டில் இன்னும் வேடிக்கை. ஒரே வீட்டில்தான் எல்லோரும் இருந்தோம். நடுவில் முற்றம், பின்னால் கிணறு. ஆண்கள் இருவரும் ஒருவர் வருகிற வழியில் மற்றவர் வராமல் நடந்தார்கள். அம்மாவும் சித்தி பச்சையம்மாவும் எப்போதும்போல் கிணற்றடியில் பேசிக்கொண்டே துணி துவைத்தார்கள். சித்திக்கு அது தலைப்பிரசவம், ஐந்தாம் மாதம். "கொழந்த பொறக்கறதுக்குள்ள இதுங்க ரெண்டும் மூஞ்சி பாத்துப் பேசணும், அவ்ளோதான் எனக்கு வேணும்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இதற்கிடையில், சண்டைக்கு முன்பே சொல்லிவைத்திருந்த பண்ருட்டிப் பழங்கள் நாற்பது, கொத்தவால் சாவடியிலிருந்து இரண்டு மாட்டுவண்டிகளில் வந்து இறங்கின. ஆளுக்கு இருபதாகப் பிரித்து, ஒரே கொட்டகையில் வைக்கோல் போட்டு, இரண்டு பக்கமாக அடுக்கினார்கள். பலாவுக்குச் சண்டை தெரியாது. இரண்டு பக்கமும் சேர்ந்தாற்போல் பழுக்க ஆரம்பித்தது. ஐந்தாறு நாளில் விற்றாக வேண்டும், இல்லாவிட்டால் மாட்டுக்குத்தான்.

நைனா சின்னக் கத்தி தேடக் கிளம்பினார். முதலில் கொல்லரிடம் சொல்லி ஒன்று அடித்து வந்தார். பெரிய கத்தியைப் பார்த்துப் பழகிய கண் எப்படித் தேர்ந்தெடுக்குமோ அப்படித் தேர்ந்தெடுத்திருந்தார்: கனம், அகலம், தடிமன். அது சின்னக் கத்தியே இல்லை, குட்டையான பெரிய கத்தி. சக்கைக்குள் நுழையவே நுழையாது. நுழைந்தால் நாலு சுளையை நசுக்கிவிட்டுத்தான் வெளியே வரும். அதை எறிந்துவிட்டு, ஆவடிப் பட்டாளத்து முகாமில் வேலை செய்கிற ஒருவரிடமிருந்து பளபளப்பான மடக்குக்கத்தி ஒன்றை வாங்கிவந்தார். அதன் மினுமினுப்பைப் பார்த்து நானே மயங்கிப் போனேன். இரண்டு பழம் வெட்டுவதற்குள் கீல் முழுக்கப் பால் ஏறி இறுகியது. பாதி விரிந்த நிலையில் சிக்கிக்கொண்டதை நைனா வேகமாக அழுத்த, கத்தி சடாரென்று மடங்கி அவருடைய இடது கட்டைவிரலில் இறங்கிவிட்டது. இலையெல்லாம் ரத்தம். எதிர்ப்புறத்தில் சித்தப்பா எழுந்து நின்றதை நான் பார்த்தேன், இரண்டடி சாலைக்குள் வந்தார், அப்புறம் நின்றுவிட்டார். நைனா துண்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பாமலே வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் பூந்தமல்லியில் சந்தை. அம்மா என் தலையை வாரிக்கொண்டே, "நைனா கைல கட்டு போட்டுகினு சந்தைக்குப் போவாரு. பையத் தூக்க ஆளு வேணும். நீ கூடப் போ" என்றாள். அன்றைக்கு அதில் எனக்கு விசேஷமாக ஒன்றும் தோன்றவில்லை.

சந்தையில் காசிம் பாய் கோணிப்பையை விரித்துக் கத்திகளைப் பரப்பியிருப்பார். எங்கெங்கோ ஊர்களிலிருந்து வாங்கிவந்து விற்கிறவர். தாடியில் மருதாணிச் சிவப்பு. பேச்சு எப்போதும் உரக்க. நாங்கள் போனபோது அவருக்கு முன்னால் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெரிய கத்திகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, சித்தப்பா.

நைனா நின்றுவிட்டார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். கத்திக்கு வேறு கடையில்லை. அடுத்த சந்தைக்குள் நாற்பது பழமும் அழுகிவிடும். கோணிப்பையின் இன்னொரு மூலையில் போய், தம்பியைப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

"வாங்க அண்ணாத்தே, இன்னா வேணும்?"

"சின்னதா ஒண்ணு."

காசிம் பாய் ஏழெட்டுக் கத்தியை எடுத்துப் போட்டார். அந்தப் பக்கம் சித்தப்பா, பார்க்க அழகாக, லேசாக, மெல்லிய அலகுள்ள நீளக் கத்தி ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கையில் ஆட்டிக்கொண்டிருந்தார். நைனாவுக்குப் பொறுக்கவில்லை.

"பாய், அது வாழத்தாரு வெட்டற கத்தி. அத்தெ வெச்சிகினு பலாவ வெட்டுனா மணிக்கட்டு பூடும்னு சொல்லுங்க."

"யார்கிட்ட சொல்றது?" என்றார் காசிம் பாய், ஒன்றும் தெரியாதவர்போல்.

நைனா என் பக்கம் திரும்பினார். "தனம், உங்க சித்தப்பா கைல சொல்லு. கத்திக்குத் தல கனக்கணும். அதுவா எறங்கணும், நாம தள்ளக் கூடாது."

நான் சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னேன். அவர் அந்தக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். "இதுவான்னு உங்க நைனாவைக் கேளு."

"பிடி பத்தாது. திருப்பறப்போ ரெண்டு கைக்கும் எடம் வேணும்."

இன்னொன்று. அதையும் வேண்டாமென்றார். நான்காவதை எடுத்ததும் நைனா ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பா அதை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். இப்போது நைனாவின் முறை. கட்டுப்போட்ட கையோடு, வலது கையால், எந்தக் கத்தி கனமோ அதையே மறுபடி எடுத்தார். சித்தப்பா சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"தனம், அது வேணாம்னு சொல்லு."

நைனா அடுத்ததை எடுத்தார். அதுவும் வேண்டாம். அடுத்தது ஒரு மடக்குக்கத்தி. அதை நைனா தொடக்கூட இல்லை, காசிம் பாய்தான் எடுத்து நீட்டினார். சித்தப்பா என்னை மறந்துவிட்டு நேராகவே பேசிவிட்டார்.

"மடக்கறது எதுவும் வேணாம் பாய். அண்ணன் கையப் பாத்தியா? பால் ஏறினா மடக்கவும் முடியாது, விரிக்கவும் முடியாது. ஒரே இரும்பா, பிடிக்குள்ள கடசி வரைக்கும் போயி ஆணி அடிச்சதா வேணும். கொஞ்சம் எண்ண கொடு."

காசிம் பாய் கத்திகளுக்குத் தடவுகிற எண்ணெயை நீட்டினார். சித்தப்பா நான்கு கத்திகளைப் பொறுக்கி, பிடிகளில் எண்ணெயைத் தாராளமாகத் தடவி, நைனாவிடம் கொடுத்தார். "இப்போ புடி. எண்ணக் கையில எது வழுக்கலன்னு பாரு. சின்னக் கத்திக்குப் பிடிதான் பருமனா இருக்கணும் அண்ணே, அலகு இல்ல."

இரண்டு வழுக்கின. மீதி இரண்டில் ஒன்றின் நுனி ஊசியாக இருந்தது. "சுளையக் குத்தும்" என்று சித்தப்பா தள்ளிவைத்தார். கடைசியில் இருந்தது மங்கலான, பார்வைக்கு எடுப்பில்லாத கத்தி. முதுகு உறுதி, வாய் மெலிசு, நுனி லேசாக மழுங்கல். சித்தப்பா நைனாவின் வலது கையைப் பிடித்து, சுட்டுவிரலை எடுத்துக் கத்தியின் முதுகில் படுக்க வைத்தார். விரல் நுனியும் கத்தி நுனியும் ஏறக்குறைய ஒன்றாக முடிந்தன.

"இப்படித்தான். உள்ள போறப்போ கண்ணு தெரியாது. இந்த வெரலுதான் பாக்கும். சுளை எங்க முடியுது, சக்க எங்க தொடங்குதுன்னு வெரலுக்குத் தெரியணும். அதுக்கோசரம்தான் இத்தினி குட்டையா வேணுங்கறது."

நைனா தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "பன்னெண்டு வருசமா பக்கத்துலயே குந்திகினு இருந்தே. உங் கையி இன்னா பண்ணுதுன்னு நான் ஒருவாட்டிகூடப் பாக்கலடா" என்றார்.

சித்தப்பா எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "நானும் உன் தோளைப் பாத்ததில்ல" என்றார்.

காசிம் பாய் இரண்டு கத்தியையும் பழைய துணியில் சுற்றித் தந்தார். வீட்டுக்கு நடந்தோம். முதலில் சித்தப்பா பத்தடி பின்னால் வந்தார். குளத்தங்கரை வருவதற்குள் பக்கத்தில் வந்துவிட்டார். இருவரும் பழத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள். நான் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. ஒருவரிடம் பெரியது மட்டும், இன்னொருவரிடம் சின்னது மட்டும் இருந்தவரை, என்றைக்காவது சேரத்தானே வேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டு பேரிடமும் இரண்டும் இருக்கிறது. இனி ஒருவருக்கு மற்றவர் எதற்கு? நடந்துகொண்டே அழ ஆரம்பித்துவிட்டேன்.

"இன்னாச்சு தனம்? கால்ல முள்ளா?" என்று நைனா குனிந்தார்.

விக்கிக்கொண்டே கேட்டேன்: "இனிமே நீங்க ரெண்டு பேரும் தனித்தனியாவே இருந்துப்பீங்களா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்தப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். ஒன்பது வயதுப் பெண்ணைத் தோளில் தூக்குவதா என்று வெட்கமாக இருந்தாலும் இறங்கவில்லை. "கத்தி வாங்கினா ஆச்சா? உங்க நைனாவுக்கு அத்தெ எப்படிப் புடிக்கறதுன்னு யாரு சொல்லிக் குடுக்கறது? எனக்குப் பெருசப் புடிக்க யாரு சொல்லிக் குடுப்பா?" என்றார்.

மறுநாள் காலை எங்கள் முற்றத்தில் பாடம் நடந்தது. நைனா ஒரு பழத்தைப் பிளந்து, புதிய சின்னக் கத்தியோடு உட்கார்ந்தார். சித்தப்பா எதிரே உட்கார்ந்து, "அழுத்தாதே அண்ணே, தேடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதல் ஏழெட்டுச் சுளையும் கிழிந்தன. கிழிந்ததையெல்லாம் சித்திக்குக் கொடுத்தார்கள். சித்தி நைனாவிடம் நேராகப் பேசுகிற வழக்கமில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, "அக்கா, மாமாவை இன்னும் ரெண்டு கிழிக்கச் சொல்லுங்க" என்றாள். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். பதினைந்தாவதோ பதினாறாவதோ, ஒரு சுளை முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் வந்தது. நைனா அதை இலையில் வைத்து எல்லோருக்கும் காட்டிவிட்டு என் வாயில் போட்டார்.

அப்புறம் சித்தப்பா எழுந்து நின்றார். முதல் வீச்சு கோணலாகப் போய்ப் பழம் உருண்டு கிணற்றடி வரை ஓடியது. "மணிக்கட்டுலேந்து இல்லடா, தோள்லேந்து வரணும்" என்று நைனா பின்னால் நின்று அவருடைய தோளைப் பிடித்து இழுத்துக் காட்டினார். மூன்றாவது பழத்தில் கத்தி நடுத்தண்டு வரை இறங்கியது. திருகினார். பழம் படக்கென்று பிளந்து மல்லாந்தது. நைனா தொடையில் தட்டிக்கொண்டு கத்திய கத்தலில் தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

நாற்பது பழத்தில் இரண்டுதான் மாட்டுக்குப் போயின. ஆவடியில் பட்டாளத்து முகாமுக்குக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. கூலியாட்களும் சிப்பாய்களும் ரயிலுக்கு வருகிறவர்களுமாகக் கூட்டம். சித்தப்பா தன் பங்கில் மீந்ததை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆவடி ஸ்டேஷன் வாசலுக்குப் போனார். மூன்றே நாளில் காலி வண்டியோடு திரும்பினார். அந்த வருஷமே அங்கே நிரந்தரமாகச் சாக்கு விரித்துவிட்டார். பழத்தை மட்டும் இருவரும் சேர்ந்தே எடுத்தார்கள். நைனா தட்டிப் பார்த்துச் சத்தம் கேட்பார். கேட்டுவிட்டு, "காம்புப் பக்கம் பாருடா" என்று தம்பியைக் கூப்பிடுவார். சித்தப்பா சரியென்று சொல்லாமல் ஒரு பழமும் வண்டி ஏறாது. பழக் காலம் முடிந்து, ஐப்பசியில் சித்திக்கு ஆண் குழந்தை பிறந்தபோது, பெயர் சொல்லிக் காதில் மூன்று தரம் கூப்பிட்டது நைனாதான்.

எனக்குக் கல்யாணமான பிறகு ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன், அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தது எப்படியென்று. அம்மா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, "நான் உங்க நைனாவைப் போன்னேன், உங்க சித்தி சித்தப்பாவைப் போன்னா. காசிம் பாய் சம்சாரத்துகிட்ட ஒரு வார்த்தை சொல்லிவெச்சோம். அதுக்கு மேல நாங்க ஒண்ணும் பண்ணல, கத்திய எடுத்தது அவங்கதான்" என்றாள்.

இப்போது நான் முகப்பேரில் மகன் வீட்டில், மூன்றாவது மாடியில் இருக்கிறேன். பூந்தமல்லிச் சாலை அகலமாகிவிட்டது. தூங்குமூஞ்சி மரமும் எதிரே இருந்த வேப்பமரமும் எந்த இடத்தில் நின்றன என்று எனக்கே நிச்சயமில்லை. பஸ்கள் எங்கேயும் மூச்சு வாங்க நிற்பதில்லை. நைனா இல்லை, சித்தப்பா இல்லை, அம்மாவும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. சித்தி மட்டும் ஆவடியில் பிள்ளைகள் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். காது கேட்காது, கண் நன்றாகத் தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுடைய கொள்ளுப்பேத்திக்குக் காது குத்து. நேற்றுப் போனில் எதைக் கேட்டாலும் கேட்காமல், தான் சொல்ல வேண்டியதை மட்டும் உரக்கச் சொன்னாள்: "தனம், விடியறதுக்குள்ள கெளம்பி வந்துடு. பூந்தமல்லி ஆளுங்க, ஆவடி ஆளுங்க எல்லாம் சேந்தா நூறு பேருக்கு மேல வருது. இன்னா பண்றதுன்னு தெரியல, பந்திக்கு எடம் பத்தாது!"